சிறந்த ஊழியரோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள்? சிங்கப்பூர்த் தமிழ் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிகளே, மேலாளர்களே,

வணக்கம்.

தேக்காவில் உணவகம் நடத்துபவர், காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருப்பவர், துவாசில் துணைக் குத்தகை எடுத்துக் கட்டுமான வேலை செய்பவர், பத்துப் பதினைந்து பேரோடு கணினிச் சேவை நிறுவனம் நடத்துபவர் என உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நாங்கள் ஊழியர் நிர்வாகம், பயிற்சி, சம்பளக் கணக்கு ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்கள். ஐந்து பேர் முதல் ஐம்பது பேர் வரை வைத்திருக்கும் நிறுவனங்களை மனத்தில் கொண்டே எழுதுகிறோம். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கும். உங்கள் இடத்தில் அந்தப் பிரிவும் நீங்கள்தான்.

உங்கள் கையில் இருப்பதிலேயே விலை கூடிய பொருள் உங்கள் சொந்த நேரம். அதில் பெரும்பகுதி, தாமதமாக வருபவர், சொல்லாமல் நின்றுவிடுபவர், வாடிக்கையாளரிடம் வாக்குவாதம் செய்தவர் ஆகியோரிடமே கரைகிறது. ஒரு வேலையைச் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற நம்பிக்கையைத் தந்தவரிடம் நீங்கள் பேசுவது, பெரும்பாலும் இன்னொரு வேலையைச் சொல்லும்போது மட்டும்தான். அவர் ஒருநாள் விலகல் கடிதத்தோடு வந்து நிற்கும்போது, முதல்முறையாக அவருக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள். அதற்குள் அவர் வேறு இடத்தில் வாக்குக் கொடுத்திருப்பார். இந்த வழக்கத்தை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு வாரக் கணக்கு எடுங்கள். சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டுப் புத்தகம் போதும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, அந்த அரை மணியில் எந்த ஊழியருக்காகச் செலவழித்தீர்கள் என்று அவர் பெயரை மட்டும் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது, அவர் செய்த தவற்றைச் சரிசெய்தது, அவரைப் பற்றி மற்றவரிடம் புலம்பியது எல்லாமே சேரும். இரவில் நினைவிலிருந்து எழுதினால் கணக்கு பொய்த்துவிடும். நமக்கு எரிச்சல் தந்தவை மட்டுமே நினைவில் நிற்கும். ஏழாம் நாள் பெயர்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். உங்கள் சிறந்த ஊழியரின் பெயருக்கு நேரே இரண்டு மணி நேரம்கூட வராவிட்டால், நாங்கள் சொல்வது உங்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது, அந்தச் சிறந்தவர் யார் என்பது. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. சத்தமாகப் பேசுபவர், இரவு வெகுநேரம் இருப்பவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர், நம் ஊர்க்காரர், நமக்கு உறவு என்பதெல்லாம் கண்ணை மறைக்கும். பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் இரண்டு அல்லது மூன்று பேரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதற்கு மேல் போனால் உங்கள் நேரம் மறுபடியும் சிதறிவிடும்.

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் அவர் முடித்த வேலையின் அளவு என்ன? அதில் திரும்பச் செய்ய வேண்டிவந்தது எவ்வளவு? சந்தேகம் வந்தால் மற்ற ஊழியர்கள் உங்களைத் தேடுவதற்கு முன் யாரைத் தேடுகிறார்கள்? அவர் லீவில் போனால் எது நின்றுபோகிறது? மூன்றாவது கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாது. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர் நீங்கள் நினைத்திராத பெயராகவும் இருக்கலாம்.

இன்னொரு சோதனையும் வேண்டும். நன்றாக விற்பவருக்கு வாசல் பக்கத்துக் கல்லாவைக் கொடுத்திருந்தால், அந்த விற்பனை அவருடையதா, வாசலுடையதா? நான்கு வாரம் இடம் மாற்றிப் பாருங்கள். நல்ல வாடிக்கையாளர் பட்டியல், புதிய இயந்திரம், கூட்டம் வரும் ஷிப்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சிறந்தவருக்கும் சராசரியானவருக்கும் உள்ள இடைவெளி பற்றியும் சொல்ல வேண்டும். 2012இல் ஓ’பாயில், அகினிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் செயல்திறன் விவரங்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் நடுவில் கூடி, இரு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவம் அதில் கிடைக்கவில்லை. சிலர் மட்டும் மிக அதிகமாகச் செய்தது தெரிந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள், கலைஞர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டாளர்கள். இயந்திரத்தின் வேகத்துக்கு வேலை செய்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இயந்திரத்தை மிஞ்ச முடியாது. எனவே உங்கள் இடத்தில் எந்த வேலைகளில் திறமைக்கு இடம் இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விற்பனை, சமையல், பழுதுபார்ப்பு, நிரல் எழுதுதல், தளத்தில் ஆட்களை ஒழுங்குபடுத்துதல் ஆகியவற்றில் இடைவெளி பெரிது. பெட்டி கட்டுவதில் அவ்வளவு இராது.

ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் அவரோடு தனியாக உட்காருங்கள். நாளும் நேரமும் மாறக்கூடாது. உணவகமானால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல், கூட்டம் அடங்கிய பிறகு. கடைக்குள் வேண்டாம், பக்கத்துக் காப்பிக்கடைக்குப் போய்விடுங்கள். கடைக்குள் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள், அவரும் மனம் திறக்கமாட்டார். கைப்பேசியை அணைத்து வையுங்கள். இன்றைக்கு என்ன வேலை முடிந்தது என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க வேறு நேரம் இருக்கிறது.

மூன்றே கேள்விகள் போதும். இந்த இரண்டு வாரத்தில் எது உங்கள் நேரத்தை வீணாக்கியது? என்னைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்யக்கூடியது என்ன இருந்தது? அடுத்த ஆறு மாதத்தில் எதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள்? சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றையாவது, சின்னதானாலும் சரி, அடுத்த சந்திப்புக்குள் செய்து முடியுங்கள். உடைந்த தள்ளுவண்டிச் சக்கரத்தை மாற்றியிருந்தால் போதும், அடுத்த முறை அவர் பெரிய விஷயத்தைச் சொல்வார். ஒன்றும் செய்யாமல் மூன்று முறை கேட்டுவிட்டீர்களானால் நான்காம் முறை “எல்லாம் நல்லாத்தான் இருக்கு முதலாளி” என்று முடித்துக்கொள்வார். அந்தப் பதில் வரும்போது கவலைப்படுங்கள்.

இந்தச் சந்திப்பு கெட்டுப்போகும் வழிகள் எங்களுக்குப் பழக்கமானவை. முதலாளியே 40 நிமிடம் பேசுவது. பழைய தவற்றை எடுத்து வைப்பது. மற்ற ஊழியர்களைப் பற்றி உளவு கேட்பது. இது எல்லாவற்றிலும் மோசமானது. ஒருமுறை கேட்டாலும் அவர் மற்றவர்கள் கண்ணில் முதலாளியின் ஆளாகிவிடுவார், அவரிடம் யாரும் வேலை கற்றுக்கொள்ள வரமாட்டார்கள். இரண்டு முறை தொடர்ந்து தள்ளிப்போட்டாலும் இது நின்றுபோகும்.

இனி அவர் நேரத்தைக் காப்பாற்றுவது. உங்கள் பரோட்டா மாஸ்டர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வெங்காயம் உரிப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாளில் 12 மணி நேரம். 44 மணி நேர வாரத்தில் இது கால்வாசிக்கும் மேல். பகுதிநேர உதவியாளர் ஒருவரை அந்த இரண்டு மணிக்கு வைத்தால், மாஸ்டரின் 12 மணி நேரத்தை உதவியாளரின் கூலிக்கு வாங்குகிறீர்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மிச்சமான 12 மணி நேரத்தையும் இன்னும் பரோட்டா போடவே அவருக்குக் கொடுத்துவிட்டால் ஆறு மாதத்தில் அவருக்குத் தோள்வலிதான் மிஞ்சும். பாதி நேரத்தை இளையவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க ஒதுக்குங்கள்.

நன்றாக வேலை செய்பவருக்கு நாம் தரும் பரிசு பெரும்பாலும் இன்னும் அதிக வேலையாகவே இருக்கிறது. கடந்த மூன்று மாதத்து ஷிப்ட் அட்டவணையை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளிலும் தீபாவளி, பொங்கல் நாள்களிலும் யார் பெயர் அதிகம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலைச் சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் (குறிப்பிட்ட சம்பள வரம்புக்குட்பட்ட ஊழியரின் வேலை நேரம், ஓய்வு பற்றியது) வருபவருக்குக் கூடுதல் நேரம் மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதற்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு. அந்த வரம்பை ஒவ்வொரு மாதமும் தொடுபவர் உங்கள் சிறந்த ஊழியர் என்றால், அவரை நீங்களே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

பணம் செலவாகாத உதவிகளும் உண்டு. 200 வெள்ளி வரை கேட்காமலே பொருள் வாங்க அனுமதி. வாடிக்கையாளர் குறை சொன்னால் அந்த இடத்திலேயே பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு பத்து மணிக்கு வர ஒப்புதல். 2024 டிசம்பர் 1 முதல், தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை எழுத்தில் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது, அரசாங்கமும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி. நல்ல ஊழியருக்கு இரண்டு மாதம் வேண்டாம், இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். பதினைந்து பேருக்கும் ஆளுக்கு 50 வெள்ளி கூட்டினால் மாதம் 750 வெள்ளி. எல்லோருக்கும் சமம் என்பது கேட்க நன்றாக இருக்கும். சிறந்தவர் அதைக் கேட்கும்போது, வேலை செய்த தனக்கும் செய்யாதவருக்கும் வேறுபாடில்லை என்றுதான் புரிந்துகொள்வார். அதே 750 வெள்ளியில் பதின்மூன்று பேருக்கு ஆளுக்கு 30 வெள்ளி, இருவருக்கு ஆளுக்கு 180 வெள்ளி என்று பிரிக்கலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்போம். ஆனால் விலைவாசி மிக ஏறிய ஆண்டில் அந்த 30 வெள்ளி போதாது, அப்போது மொத்தத் தொகையையே கூட்ட வேண்டும். மற்றவர் சோற்றிலிருந்து எடுத்துச் சிறந்தவருக்கு வைப்பது நாங்கள் சொல்லும் முறையல்ல.

உள்ளூர் ஊழியருக்கு மாதம் 300 வெள்ளி கூட்டினால், அவர் 55 வயதுக்கு உட்பட்டவராக இருந்து மத்திய சேமநிதி (மசேநி) உச்சவரம்புக்குள் சம்பளம் வாங்கினால், முதலாளியின் 17 விழுக்காட்டுப் பங்கு 51 வெள்ளி. ஆண்டுக்கு 4,212 வெள்ளி. அவர் போய்விட்டால் என்ன செலவாகும் என்பதை இதன் பக்கத்தில் எழுதுங்கள்: முகவர் கட்டணம், புதியவர் பழகும் வரை நீங்களே நிற்கும் நாள்கள், அந்த வாரங்களில் வீணான பொருள், அவரோடு போய்விட்ட வாடிக்கையாளர்கள். எண்கள் ஒவ்வொரு தொழிலுக்கும் மாறும். நீங்களே உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

உறையில் வைத்து ரகசியமாகக் கொடுக்காதீர்கள். மாலைக்குள் தங்குவிடுதி முழுக்கத் தெரிந்துவிடும். விவரமான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். கூடுதல் தொகையையும் அதில் காட்டுங்கள். எதைச் செய்தால் அந்தத் தொகை கிடைக்கும் என்பதைத் தமிழிலும், தேவைப்பட்டால் வங்காளத்திலும் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். ரகசியம்தான் பொறாமையை வளர்க்கும். விதி தெரிந்தால் அடுத்தவரும் முயன்று பார்ப்பார்.

கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. இந்தியா, பங்ளாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து வந்து தளத்தில் வேலை செய்யும் அடிப்படைத் திறன் ஊழியருக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 2024 ஜனவரி முதல் 900 வெள்ளி, உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி. அதாவது உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த கம்பி கட்டுபவரை உயர்திறன் நிலைக்குக் கொண்டுவந்தால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். அந்த நிலைக்கு ஒரு வழி, அனுபவமுள்ள கட்டுமானக் கைவினைஞர்களுக்கான கோர்டிரேட் திட்டத்தில் பதிவு. இன்னொன்று இரண்டாவது கைத்தொழிலிலும் தேர்வு எழுதிப் பல்திறன் பெறுவது. மற்றொன்று சிங்கப்பூர்க் கட்டுமானத்தில் ஆறு ஆண்டு வேலை செய்து, நிலையான மாதச் சம்பளம் 1,600 வெள்ளிக்குக் குறையாமல் இருப்பது. கூடுதல் நேரச் சம்பளம் (ஓட்டி) இந்த 1,600இல் சேராது. இப்போது 1,300 வாங்குபவருக்கு 300 கூட்டினால், தீர்வையில் 400 மிச்சமாகி, உங்களுக்கு மாதம் 100 வெள்ளி மீதம் இருக்கும். ஊழியருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். இப்படிப்பட்ட கணக்கு எளிதில் வாய்க்காது. வேலை அனுமதி ஊழியர்களில் குறைந்தது 10 விழுக்காட்டினர் உயர்திறன் நிலையில் இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது என்பதால், இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் முடியாது.

தேர்வுக்கு அனுப்பும்போது பயிற்சிக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், அந்த நாள்களுக்குச் சம்பளமும் கொடுங்கள். பத்து மணி நேரம் வெயிலில் நின்றவரை இரவு எட்டு மணிக்கு வகுப்புக்கு அனுப்பிவிட்டு, தேறவில்லையே என்று வருந்துவது நியாயமல்ல. முன்பெல்லாம் வேலை அனுமதியில் ஒருவர் இத்தனை ஆண்டுதான் இங்கே வேலை செய்யலாம் என்ற வரம்பு இருந்தது. 2025 ஜூலையில் அது நீங்கிவிட்டது. கற்றுக்கொடுத்ததன் பலனை இப்போது நீண்டகாலம் பெறலாம்.

உள்ளூர் ஊழியருக்கான பயிற்சியில் வேறொரு தவறு நடக்கிறது. யார் இல்லாவிட்டாலும் கடை நடக்குமோ அவரையே வகுப்புக்கு அனுப்புகிறோம். சிறந்தவரை விட மனம் வருவதில்லை. அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திறன் மேம்பாட்டுத் திட்ட ஆதரவுள்ள பல பயிற்சிகளில் சிறு, நடுத்தர நிறுவனம் அனுப்பும் சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. இவ்வளவு உதவியையும் வாங்கி, வேலையில் ஆர்வமில்லாதவரின் மேல் செலவழிக்கிறோம். சிறந்தவர் வகுப்பில் இருக்கும் அந்த நாள்களில் கடை தடுமாறட்டும். எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு எதைக் கற்றுத்தர வேண்டும் என்பதற்கு அதுவே பட்டியல்.

பதவி உயர்வு விஷயத்தில் நிதானம் தேவை. நன்றாக விற்பவரை மேற்பார்வையாளராக்குவது இயல்பாகத் தோன்றும். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களைப் பற்றி 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதிகம் விற்றவர்களே பதவி உயர்வு பெற்றார்கள் என்றும், அவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது என்றும் காட்டியது. சிங்கப்பூர் அரசாங்கச் சேவை 1980களிலேயே ஷெல் நிறுவனத்தின் முறையைப் பின்பற்றி, ஓர் அதிகாரி இப்போது எப்படி வேலை செய்கிறார் என்பதையும், எந்தப் பதவி வரை உயரக்கூடியவர் என்பதையும் தனித்தனியே மதிப்பிடத் தொடங்கியது. சிறு நிறுவனத்திலும் இதைச் செய்யலாம். பதவி தருவதற்கு முன் எட்டு வாரத்துக்கு இரண்டு புதியவர்களை அவரிடம் ஒப்படையுங்கள். அந்த எட்டு வாரத்தில் அவருடைய சொந்த வேலை குறையும், குறையத்தான் வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இருவரின் முன்னேற்றத்தை. அவர்கள் முன்னேறவில்லை என்றால் அவர் மோசமானவர் என்று பொருளல்ல. ஆள்களை மேய்க்கும் பொறுப்பு இல்லாமல் ‘முதன்மைச் சமையலர்’, ‘முதுநிலை வல்லுநர்’ என்று ஒரு நிலையை உண்டாக்கி, மேற்பார்வையாளருக்கு நிகரான சம்பளம் கொடுங்கள். சம்பளம் கூட வேண்டுமானால் சூப்பர்வைசர் ஆவதைத் தவிர வழியில்லை என்ற நிலைதான் நல்ல கைவினைஞரைக் கெடுக்கிறது.

அப்படியானால் மற்றவர்கள்? அவர்களுக்கு உரிய சம்பளமும் மரியாதையும் தெளிவான எதிர்பார்ப்பும் குறையவே கூடாது. ஆண்டுதோறும் வரிசைப்படுத்திக் கடைசியில் இருப்பவரை வெட்டுவது நாங்கள் சொல்லும் வழியல்ல. ஊழியர்களை அப்படி வரிசைப்படுத்தி வந்த மைக்ரோசாஃப்ட் 2013இல் அதைக் கைவிட்டது. பக்கத்து மேசைக்காரர் தோற்றால்தான் தனக்கு நல்லது என்று ஆகிவிட்டால் யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள்? வேலை சரியில்லாதவரிடம் என்ன குறை, எந்தத் தேதிக்குள் மாற வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ஆறு வாரம் அவகாசம் தாருங்கள். அந்த ஆறு வாரத்தில் வாரம் பதினைந்து நிமிடம் அவருக்கு. பிறகு முடிவெடுங்கள். ஆண்டுக்கணக்கில் திட்டிக்கொண்டே வைத்திருப்பது அவருக்கும் நல்லதல்ல, உங்கள் நேரத்துக்கும் கேடு.

சிறந்தவருக்கும் தாண்டக்கூடாத கோடுகள் உண்டு. பாதுகாப்பு வார் போடாமல் உயரத்தில் ஏறினாலும், கல்லாவில் கை வைத்தாலும், இளையவரை அடித்தாலும் வசைபாடினாலும் மற்றவருக்கு என்ன தண்டனையோ அதேதான் அவருக்கும். இதில் ஒருமுறை கண்ணை மூடினாலும் நீங்கள் அவருக்குக் கொடுத்த நேரமெல்லாம் சலுகை என்றே மற்றவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, இந்த மாதமே செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் இரண்டு மூன்று சிறந்தவர்களின் ஒப்பந்தத்தையும் வேலை அனுமதித் தேதியையும் எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிப்பிடப்படாமல் இருந்தால், சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவர் ஒரு வார முன்னறிவிப்போடு போகலாம். ஐந்து ஆண்டு தாண்டியவர்கூட நான்கு வாரத்தில் போகலாம். கட்டுமானத் துறையின் வேலை அனுமதி ஊழியர், அனுமதி முடிவதற்கு 40 முதல் 21 நாள்களுக்கு முன்புள்ள இடைவெளியில் உங்கள் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளியிடம் மாறலாம். அது அவருடைய உரிமை, அதைத் தடுக்க நினைக்காதீர்கள். நாற்பதாம் நாள் வரும்வரை காத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு முன்பே அவரை அழைத்து, அடுத்த இரண்டு ஆண்டுக்கு என்ன சம்பளம், எந்தத் தேர்வு, ஊருக்குப் போய்வர எத்தனை நாள் லீவு என்று பேசி எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியைச் சுவர் நாள்காட்டியில் இன்றே வட்டமிட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஊழியர் நிர்வாகத்திலும் பயிற்சியிலும் பணிபுரியும் சிலர்
சிங்கப்பூர்